எட்டுக் கட்டத்துப் படகு

இராயபுரம்
4-9-1926

அன்புள்ள அக்காவுக்கு மங்கை எழுதுவது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. மாமாவுக்கும் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிடும். எல்லோரும் தூங்கியபின் சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இங்கே நைனாவும் அம்மாவும் நலம். நைனாவுக்கு இழுவைப் படகில் இந்த மாதம் பகல் வேலை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ரங்கூன் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? மாமா நல்லவரா?

அக்கா, நம் ஆட்டத்துணி போய்விட்டது. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, தாயக்கட்டையா? சூதாடறதுக்கா உன்னை எட்டாங்கிளாஸு படிக்க வெச்சிகினு கீறோம்? உன் சித்தப்பன் இத்த உருட்டித்தான் வலையும் போச்சு, பொண்டாட்டியும் போயிட்டா!" என்று கத்தி, துணி, காய், கட்டை எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். சிட்டகாங் கப்பல் பழுதுக்கு நின்ற நாற்பது நாளும் பக்கத்து வீட்டில் தங்கியிருந்த ஜொஹரா பீவி நமக்குக் கொடுத்துவிட்டுப் போன காய்கள் அவை. அவளும் அவள் மகளும் நீயும் நானும் நாலு மூலையில் உட்கார்ந்து ஆடிய மத்தியானங்கள் எனக்கு மறக்கவில்லை. நீ தரையை விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கட்டையை உருட்டுவாய். இரண்டு விழ வேண்டும் என்று.

நான் கணக்கு நோட்டில் புதிதாகக் கட்டம் போட்டு, புளியங்கொட்டையில் நாலு நிற நூல் சுற்றிக் காய் செய்திருக்கிறேன். நாம் தபாலில் ஆடலாமா? விதிகளை எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

அறுபத்துநாலு கட்டம். நாலு மூலையில் நாலு படை. ஒவ்வொரு படையிலும் ராஜா, யானை, குதிரை, படகு, நாலு சிப்பாய். கட்டையில் ஐந்து விழுந்தால் ராஜா அல்லது சிப்பாய் நகரும். நாலுக்கு யானை, மூன்றுக்குக் குதிரை, இரண்டுக்குப் படகு. இரண்டு பேர் ஆடும் சதுரங்கத்தில் மூலையில் தேர் நிற்கும், நேராக எவ்வளவு தூரமும் ஓடும். நம் ஆட்டத்தில் அந்த மூலை படகுக்கு. அது நேராக ஓடாது. மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாண்டும். நடுக்கட்டத்தில் யார் நின்றாலும் அதற்குக் கவலையில்லை.

சரிதானே? பதிலை நம் வீட்டுக்கு எழுதாதே. என் வகுப்புத் தோழி ரோசியின் வீட்டு விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வழக்கமான கடிதம் தனியாக வரட்டும்.

பயந்துகொண்டே,
உன் தங்கை மங்கை


ரங்கூன்
21-9-1926

என் பயந்தாங்கொள்ளித் தங்கைக்கு அக்கா சொக்கம்மாளின் ஆசிகள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, நீ சொன்னபடி அடுப்பில் போட்டேன். அதில்தான் அன்றைக்குச் சோறு கொதித்தது.

நான் நலம். இங்கே மழை விடவே இல்லை. துணி காய்வதில்லை. மாமா நெல் ஆலைக்குப் போய் வருகிறார். அவர் தம்பி துரையும் எங்களோடுதான் இருக்கிறார்.

ஆடலாம். சிவப்பும் மஞ்சளும் எனக்கு, பச்சையும் கறுப்பும் உனக்கு. கட்டங்களுக்கு எண் கொடுத்துவிடுவோம். என் சிவப்புப் படகு நிற்கும் மூலை 1. அங்கிருந்து வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போ. உன் பச்சைப் படகு 8, உன் கறுப்பு 57, என் மஞ்சள் 64. அவரவர் கட்டையை அவரவரே உருட்டிக்கொள்வது. நீ பொய் சொன்னால் உன் எழுத்து நடுங்கும், எனக்குத் தெரிந்துவிடும்.

விதிகள் எல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டாய். நாலு படகும் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து ஒரு சின்னச் சதுரமாக நின்றால், கடைசியாக வந்து சேர்ந்த படகு மற்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளும். பீவி அதைச் சொல்லும்போது கையை எப்படி விரிப்பாள்!

எனக்கு இரண்டு விழுந்தது. (தட்டிவிட்டுத்தான் உருட்டினேன்.) சிவப்புப் படகு 1-லிருந்து 19.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பரீட்சைக்குப் படி.
சொக்கம்மாள்


இராயபுரம்
9-10-1926

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கும் முதல் தடவையே இரண்டு விழுந்தது! எழுத்து நடுங்கவில்லை பார். பச்சைப் படகு 8-லிருந்து 22.

அக்கா, நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். உன் சிவப்புப் படகு 1-லிருந்து எங்கெல்லாம் போக முடியும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். எவ்வளவு சுற்றினாலும் எட்டே கட்டம்! அறுபத்துநாலில் எட்டு. அப்புறம் பச்சைக்கு வைத்தேன். அதற்கும் எட்டு. கறுப்புக்கு எட்டு, மஞ்சளுக்கு எட்டு. ஒன்றின் கட்டம் இன்னொன்றுக்கு இல்லை. அப்படியென்றால் ஒரு படகு இன்னொரு படகை என்றைக்குமே வெட்ட முடியாது! ஆயிரம் வருஷம் ஆடினாலும் முடியாது. பக்கத்தில் போய் நிற்கலாம். தொட முடியாது.

டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு இது என்ன கோலமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லையே. மாமா நல்லவரா?

மங்கை


ரங்கூன்
27-10-1926

கண்ணே மங்கை,

நலம்தான். கடிதத்தைப் படித்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். அந்த எட்டுக் கட்டம் எனக்கும் தெரியும். கப்பலில் வரும்போது, கடலைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் எண்ணினேன். ஆனால் எல்லாவற்றையும் எண்ணி முடிக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. உனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு ராத்திரியா? நீ என்னைவிடக் கெட்டிக்காரி. படிப்பை விடாதே.

இன்னும் ஒன்று சொல்கிறேன். நாலு படகும் சேரக்கூடிய இடங்கள் மொத்தப் பலகையிலும் ஐந்துதான். நடுவில் ஒன்று. மற்ற நாலு எங்கே என்று நீயே தேடு. வெட்டிக்கொள்ள முடியாதவை என்பதால்தான் அவற்றுக்குச் சேர்ந்து நிற்கும் விதியை யாரோ வைத்திருக்கிறார்கள். அதை வைத்தவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையில் கணக்கு எழுதும் ரைட்டரோடு சதுரங்கம் ஆடுகிறார். இருவர் ஆட்டம். நான் அடுப்படியிலிருந்து பார்ப்பேன். தேரை நேராக விட்டுக்கொண்டே இருப்பார். உலகத்தில் மூலையில் நிற்பதெல்லாம் நேராகத்தான் ஓடும் என்பது அவர் எண்ணம். தோற்ற நாளில் வீட்டில் பேச்சு குறைவு.

அம்மா கொடுத்த கண்ணாடி வளையல்களை நான் இப்போது போட்டுக்கொள்வதில்லை. இந்த ஊரில் அவை சீக்கிரம் உடைந்துவிடுகின்றன. அம்மாவிடம் சொல்லாதே.

எனக்கு மூன்று விழுந்தது. மஞ்சள் குதிரை வெளியே வந்துவிட்டது.

சொக்கம்மாள்


இராயபுரம்
13-11-1926

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். மற்ற நாலு இடமும் ஒவ்வொரு மூலைக்கும் பக்கத்தில் ஒன்று. சரியா?

வளையல் எப்படி உடைகிறது அக்கா? நம் வீட்டில் நீ மீன் கூடை தூக்கும்போதுகூட உடையாதே. எனக்கு ஐந்துதான் விழுந்தது, ஒரு சிப்பாயைத் தள்ளினேன். ஆட்டத்தைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உன்னைப் பற்றி எழுது.

மங்கை


இராயபுரம்
24-12-1926

அக்கா,

நலமா? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. ரோசியின் அம்மா, "இன்னாடி, தெனம் வந்து தபாலு தபாலுன்னு நிக்கிறே? எவன்டி அவன்?" என்று கேட்கிறாள். ரோசி, "எங்க ஸ்கூல் கணக்குமா" என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டுக்கும் உன் கடிதம் வரவில்லை. நைனா ரங்கூன் கப்பலில் வரும் ஆட்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு வரி எழுது. எண் மட்டும் எழுதினாலும் போதும்.

மங்கை


ரங்கூன்
12-1-1927

மரியாதைக்குரிய மாமா தண்டபாணி அவர்களுக்கும் அத்தை பூவம்மா அவர்களுக்கும் மருமகன் ஜெயவேல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சௌக்கியம். அவ்விட சௌக்கியத்துக்கு எழுதவும். சொக்கம்மாளுக்கு வலது கை கதவில் மாட்டிக் காயம்பட்டிருப்பதால், அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

என் தம்பி துரைக்குத் தங்கள் இளைய மகள் மங்கையைக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கலாம். சொக்கம்மாளே இதை மிகவும் விரும்பிக் கேட்கிறாள். பெண்பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை போதும். பிப்ரவரி 24-ஆம் தேதி கப்பலில் எங்கள் ஆலை மேஸ்திரி குடும்பம் இங்கே வருகிறது. அவர்களோடு மங்கையை அனுப்பினால் கலியாணத்தை இங்கேயே சுருக்கமாக முடித்துவிடலாம்.

தங்கைக்கு விளையாட்டாக ஒரு வரி எழுதச் சொல்லி அழுது அடம் பிடிக்கிறாள், எழுதுகிறேன்: "சிவப்புப் படகு 19-லிருந்து நேராக 22-க்கு ஓடி உன் பச்சைப் படகை வெட்டிவிட்டது."

இப்படிக்கு,
ஜெயவேல்


இராயபுரம்
25-1-1927

மாப்பிள்ளை ஜெயவேல் அவர்களுக்குத் தண்டபாணி எழுதச் சொன்னது.

இங்கே சுகம். கடிதத்தை மங்கை படித்துக் காட்டினாள். அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும் சம்மதம்தான். 24-ஆம் தேதி கப்பலில் அனுப்பி வைக்கிறோம். சொக்கம்மாளின் கைக்கு நல்ல வைத்தியம் பார்க்கவும்.

கீழே மங்கை தன் அக்காளுக்கு எழுதுவது: அக்கா, நலமா? நீ என் பச்சைப் படகை வெட்டியது சரிதான். எனக்கு விதிகள் கொஞ்சம் மறந்துபோய்விட்டன. பீவி சொன்ன விதிப்படிதானே ஆடுகிறோம்? இல்லை, ரங்கூனில் வேறு விதியா?


ரங்கூன்
7-2-1927

மாமா அவர்களுக்கு நமஸ்காரம். தங்கள் சம்மதம் கண்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி. துரை புது வேட்டி எடுத்துவிட்டான். மங்கை தாமதமில்லாமல் வந்து சேர வேண்டும் என்று சொக்கம்மாள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கை ஆறி வருகிறது.

தங்கைக்கு அவள் சொல்வது: "பீவி சொன்ன விதிப்படியேதான். எதுவும் மாறவில்லை. உன் கறுப்புப் படகை மூலையை விட்டு எடுக்காதே. இரண்டு விழுந்தாலும் எடுக்காதே. கடைசியாக வருகிற படகுதான் மற்றவற்றை எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடாதே."

பெண்களின் ஆட்டம் எனக்கு விளங்கவில்லை. தேர் நேராக ஓடியது மட்டும் புரிந்தது.

ஜெயவேல்


இராயபுரம்
16-3-1927

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. போட்டால் யார் கையில் கிடைக்குமோ. உன்னைப் பார்க்கும்போது கொடுப்பேன். எழுதாமல் இருந்தால் பயம் அதிகமாகிறது, அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் முதல் கடிதத்தை நான்தான் எல்லோருக்கும் படித்தேன். ஆட்ட வரி வந்ததும் முழுங்கிவிட்டேன். "இன்னாடி, நடுவுல நின்னுட்ட?" என்றாள் அம்மா. இருமினேன். அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு 19-ஐயும் 22-ஐயும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா எண்ணை மாற்றி எழுதிவிட்டார் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், நீ சொல்லவே இல்லை, அவரே எதையோ எழுதிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் படகுகள் 19-லும் 22-லும் நிற்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதைச் சொன்னது நீதான். படகு நேராக ஓடாது, படகைப் படகு வெட்டாது என்று கடலைப் பார்த்தே எண்ணிக் கண்டுபிடித்த நீ, ஒரே வரியில் இரண்டு தப்பு செய்வாயா?

மாமா கையாலேயே, மாமா கண்ணெதிரேயே, இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பது எல்லாம் பொய் என்று எழுத வைத்துவிட்டாய் அக்கா. நேராக ஓடுகிறதென்று சொன்னால் அவர் சந்தேகப்படமாட்டார் என்பது வரைக்கும் யோசித்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது. உன்னைப் பெருமையாக நினைத்தும் வந்தது. கை வலியோடு, பக்கத்தில் அவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது எப்படித் தோன்றியது உனக்கு?

இருந்தாலும் பயந்தாங்கொள்ளிதானே நான். நிச்சயமாகத் தெரிந்துகொள்ளத்தான் பீவியின் விதியைக் கேட்டேன். நீ கறுப்புப் படகை மூலையை விட்டு எடுக்காதே என்றாய். நான் வீட்டை விட்டு வரக் கூடாது என்று அர்த்தம். அதற்கு மேல் நான் பேசாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

கப்பலுக்கு ஏழு நாள் இருக்கும்போது, நைனா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு நோட்டு, ரோசி வீட்டு விலாசம், வளையல், எல்லாம்.

அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். "சூதாட்டம்! எரிச்சப்புறமும் ஆடிகினுதான் கீறா! அக்காக்காரி கை வலியில இன்னாமோ ஒளறினா, இவ அத்தப் புடிச்சிகினு கல்யாணத்தக் கெடுக்கப் பாக்கிறா. படிச்சிகினே இருக்கணுமாம்!"

நைனா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "இரு. அந்தப் படகு இன்னா பண்ணும்னு சொல்லு."

சொன்னேன். "இன்னாமா படகு இது? தவளை மாரி தாவுது? நான் முப்பது வருசமா ஓட்றேன், இப்டி ஒரு படகப் பாத்ததே இல்ல" என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. தரையில் கரியால் கட்டம் போடச் சொன்னார். சிவப்பு நூல் கொட்டையை 19-இல் வைத்து, பச்சையை 22-இல் வைத்து, அவரே தாண்டிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்னால் வந்து, சுற்றி வந்து. விளக்கு வைத்தும் நகரவில்லை. சோறு ஆறிப்போயிற்று.

"இன்னா பண்ணாலும் இது அது மேல ஏற மாட்டேங்குதே," என்றார் கடைசியில்.

"ஏறாது நைனா."

"இது சொக்கிக்கு நல்லாத் தெரியுமா?"

"என்னவிட முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சே தப்பா சொல்லிக்கீறா." கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அந்தக் கடைசியா வர்ற படகுன்னு எழுதிக்கீறாளே, அது இன்னா பண்ணும்?"

"அங்க நிக்கிறத எல்லாம் எடுத்துகினு போவும்."

நைனா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "பூவம்மா, இவ போவ மாட்டா. அந்த மேஸ்திரி கூட நான் போறேன்." அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

24-ஆம் தேதி நைனா கிளம்பினார். மங்கையை நானே கொண்டுவருகிறேன் என்று மாமாவுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார், எழுதினேன். அப்படி எழுதினால்தான் உன்னை எங்கேயும் மாற்றி வைக்கமாட்டார்கள் என்றார். இருபது நாள் ஆகிறது. ஒரு செய்தியும் இல்லை. நான் பள்ளிக்கூடம் போகிறேன், பரீட்சை எழுதுகிறேன். கணக்குத் தாளில் பாதி விடை என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

நான் சொன்னது தப்பாக இருந்தால்? வலியில் உனக்கு எண் உண்மையாகவே மறந்துபோயிருந்தால்? நைனாவை ஒரு புளியங்கொட்டையை நம்பிக் கடல் தாண்ட வைத்துவிட்டேனே என்று ராத்திரியெல்லாம் விழித்துக்கொள்கிறேன். உடனே உன் முகத்தை நினைத்துக்கொள்வேன். நீ மறப்பவள் இல்லை.

இன்று காலையில் ரங்கூன் கப்பலின் சங்கு கேட்டது. அம்மா மீன் கூடையைப் போட்டுவிட்டுத் துறைமுக வாசலுக்கு ஓடினாள். டெக் டிக்கெட்டில் வந்தவர்களை டாக்டர் பார்த்த பிறகுதான் விடுவார்களாம், இருட்டும்வரை நின்று திரும்பிவிட்டாள். இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. சற்று முன்னால், "ஏன்டி மங்க, அந்தப் படகுக்கு இன்னா விழணும்னு சொன்ன?" என்று கேட்டாள். இரண்டு என்றேன். அவளே இரண்டு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

சிம்னியில் எண்ணெய் தீரப்போகிறது. நீ வந்தால் உனக்காக

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் அக்கா. அம்மா எழுந்துவிட்டாள். இரண்டு தட்டு. நின்று, மறுபடியும் இரண்டு